ஜப்பானியரின் விடுமுறை நாட்களும் நெல் வயலும்

(உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜப்பான் நாட்டை உங்களுக்கு நான் புதிதாக அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. 1953-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் ‘ஜப்பான் முறை நெல் சாகுபடி’ ஊர் ஊராகப் பரப்பப்பட்டது. மேட்டுப் பாத்தி நாற்றங்கால், குறைந்த விதை, கயிறு பிடித்து வரிசை நடவு, வரிசைக்கு நடுவே உருட்டிச் செல்லும் களைக்கருவி ஆகியவை அந்தப் பெயரோடு நம் வயலுக்கு வந்தன. பிறகு 1960-களில் தஞ்சைப் பகுதியில் பரவிய ஆடுதுறை 27 ரகத்தின் பெற்றோரில் ஒன்று ‘நோரின் 10’ என்ற ஜப்பானிய நெல்லே. மற்றொன்று நம்முடைய ஜி.இ.பி. 24.

அந்த நாட்டு நெல்லைப் பற்றி இதற்கு முன் பலர் பேசியிருக்கிறார்கள். இன்று நான் அந்த நாட்டு விடுமுறை நாட்களைப் பற்றிப் பேசலாம் என்று எடுத்துக்கொண்டேன். “எங்களுக்கு ஏது ஐயா விடுமுறை? மாட்டுக்கு உண்டா, மடைக்கு உண்டா?” என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பது நியாயமே. ஆனால் ஒரு நாட்டின் விடுமுறைப் பட்டியலைச் சற்று நெருங்கிப் பார்த்தால், அந்த நாடு தன் உழவனை எங்கே வைத்திருக்கிறது என்பது ஓரளவு புலப்படும். ஜப்பானில் முதலில் வயலைப் பார்த்து விடுமுறை வைத்தார்கள். பின்னாளில் விடுமுறையைப் பார்த்து வயலில் நட்டார்கள். அதன் பலன் அரிசியிலேயே தெரிந்தது. அந்தக் கதைதான் இது.

பதினாறு நாட்கள்

ஜப்பானில் இன்று சட்டப்படியான தேசிய விடுமுறைகள் பதினாறு. 1948-ஆம் ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம் இவற்றைப் பட்டியலிடுகிறது. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. நாளையும் தேதியையும் குறிப்பிடுவதோடு நில்லாமல், அந்த நாளில் மக்கள் என்ன நினைக்க வேண்டும் என்பதையும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரியில் எழுதி வைத்திருக்கிறார்கள். முதலில் ஒன்பது நாட்களே இருந்தன. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கடல் நாள் 1996-இல் வந்தது. மலை நாள் 2016-இல் வந்தது; ஆகஸ்டு 11 அன்று கொண்டாடுகிறார்கள். நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு காடாகவே இருக்கும் நாட்டில், மலைக்கு ஒரு நாள் ஒதுக்க இவ்வளவு காலம் ஆனது வேடிக்கைதான். புத்தாண்டு, அரசியல் சட்ட நாள், பேரரசர் பிறந்த நாள், பண்பாட்டு நாள், விளையாட்டு நாள் போன்றவற்றை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. வயலோடு தொடர்புள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நெல் முற்றுவதற்கு முன்னே வந்த விழா

1873-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து ஜப்பான் தன் பழைய சந்திர நாட்காட்டியை விட்டு, இன்று உலகெங்கும் வழங்கும் சூரிய நாட்காட்டிக்கு மாறியது. அதே ஆண்டில் அரசு விடுமுறைகளையும் அறிவித்தார்கள். அவற்றில் இரண்டு நெல்லுக்கு உரியவை. ஒன்று ‘கன்னாமே’ விழா. இசே என்னும் ஊரிலுள்ள பெருங்கோயிலில் புது நெல்லை முதன்முதலாகப் படைக்கும் விழா இது. மற்றொன்று ‘நீநாமே’ விழா. பேரரசரே புது அரிசியைத் தெய்வத்திற்குப் படைத்துத் தாமும் உண்ணும் விழா இது.

இந்தக் கன்னாமே விழா பழைய நாட்காட்டியில் ஒன்பதாம் மாதம் பதினேழாம் நாள் நடந்து வந்தது. புதிய நாட்காட்டி வந்ததும் எண்ணை மாற்றாமல் செப்டம்பர் 17 என்று வைத்துவிட்டார்கள். என்ன ஆயிற்று? நாட்காட்டி ஏறத்தாழ ஒரு மாதம் முன்னே நகர்ந்துவிட்டது. நெல் நகருமா? விழா நாளில் கதிர் முற்றவில்லை. முற்றாத கதிரைத் தெய்வத்திற்கு எப்படிப் படைப்பது? சில ஆண்டுகள் பார்த்துவிட்டு, 1879-இல் விழாவை ஒரு மாதம் தள்ளி அக்டோபர் 17-க்கு மாற்றினார்கள். அரசு ஆணை நெல்லுக்கு வழிவிட்டது. இந்தச் சிறு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதே சிக்கல் வேறு வடிவில் வரும்.

நவம்பர் 23

நீநாமே விழாவின் நாள் நவம்பர் 23. அன்று மாலை ஒரு முறையும் நள்ளிரவையொட்டி ஒரு முறையுமாக, டோக்கியோ அரண்மனையில் உள்ள ஒரு தனிக் கோயிலில் பேரரசர் புதுச் சோற்றையும், தினைச் சோற்றையும், புது அரிசியில் வடித்த மதுவையும் தம் கையால் தெய்வங்களுக்குப் பரிமாறுகிறார். பிறகு தாமும் உண்கிறார். தினை என்று சொன்னேன் அல்லவா? நம்முடைய அதே தினைதான். அரிசி வந்த பிறகும் அதற்கு முந்தைய தானியத்தைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சடங்கில் சேரும் அரிசியில் ஒரு பகுதி பேரரசர் பயிரிட்டது. 1927-ஆம் ஆண்டில் ஷோவா பேரரசர் அரண்மனை வளாகத்திலேயே ஒரு சிறு வயலை அமைத்து நெல் பயிரிடத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த மகனும், இப்போதைய பேரரசரான பேரனும் அதைத் தொடர்கிறார்கள். வசந்தத்தில் விதைப்பு, மே மாதத்தில் நடவு, இலையுதிர் காலத்தில் அறுவடை. அளவில் இது ஒரு செய்முறைத் திடல்தான். ஆனாலும் நாட்டின் முதல் குடிமகன் முழங்கால் வரை ரப்பர் காலணி அணிந்து சேற்றில் இறங்குவது ஆண்டுதோறும் நடக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் தேர்ந்தெடுத்த உழவர்கள் தங்கள் அரிசியையும் தினையையும் இந்த விழாவுக்கு அனுப்புகிறார்கள்.

புதிய பேரரசர் பட்டமேற்றபின் வரும் முதல் நீநாமே மிகப் பெரிதாக நடக்கும். அண்மையில் அது 2019-ஆம் ஆண்டு நவம்பர் 14, 15 தேதிகளில் நடந்தது. எந்த வயலின் நெல் வேண்டும் என்பதை ஆமை ஓட்டை நெருப்பில் வாட்டி, அதில் விழும் விரிசலைக் கொண்டு குறி பார்த்து முடிவு செய்தார்கள். கிழக்கே தொச்சிகி மாவட்டத்திலும் மேற்கே கியோட்டோ மாவட்டத்திலும் ஆக இரண்டு வயல்கள் தேர்வாயின. கிழக்கு வயலில் ‘தொச்சிகி நொ ஹொஷி’ என்ற ரகமும், மேற்கு வயலில் ‘கினுஹிகாரி’ என்ற ரகமும் விளைந்திருந்தன. இரண்டும் ஆராய்ச்சி நிலையங்களில் உருவான இக்கால ரகங்கள். வயலைத் தேர்ந்தது ஆமை ஓடு, வயலில் நின்றது ஆராய்ச்சியாளர் தந்த ரகம். ஜப்பானியருக்கு இதில் முரண்பாடு எதுவும் தோன்றுவதில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றபின், ஆட்சியை மேற்பார்வையிட்ட நேச நாட்டுப் படைத் தலைமை, அரசையும் ஷிந்தோ சமயத்தையும் பிரிக்க 1945 டிசம்பரில் ஆணையிட்டது. சமயப் பெயர் தாங்கிய அரசு விடுமுறைகள் நீடிக்க முடியாது என்றாயிற்று. கன்னாமே விழா விடுமுறைப் பட்டியலிலிருந்தே போயிற்று. நீநாமே விழாவின் நாளை விட மனமில்லை. எனவே 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நவம்பர் 23-க்கு ‘உழைப்புக்கு நன்றி கூறும் நாள்’ என்று பெயரிட்டார்கள். உழைப்பை மதிக்கவும், உற்பத்தியைக் கொண்டாடவும், மக்கள் ஒருவருக்கொருவர் நன்றி பாராட்டவும் உரிய நாள் என்பது அதற்குச் சட்டம் தரும் பொருள்.

நல்ல பொருள்தான், ஆலைத் தொழிலாளி, ஆசிரியர், ரயில் ஓட்டுநர் எல்லோரும் அதில் வருகிறார்கள். ஆனால் நெல் என்ற சொல் அதில் இல்லை. உழவன் என்ற சொல்லும் இல்லை. அந்த நாளையொட்டிச் சிறு குழந்தைகள் தாங்கள் வரைந்த படங்களையும் வாழ்த்து அட்டைகளையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்திற்கும் தீயணைப்பு நிலையத்திற்கும் போய் நன்றி சொல்கிறார்கள். பார்க்க அழகான வழக்கம். இரண்டு தலைமுறைக்கு முன் அதே நாளில் நாடு முழுவதும் நினைத்தது கதிரை என்பது இன்று நகரத்துப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அரண்மனைக்குள் சடங்கு பேரரசரின் சொந்த வழிபாடாக இன்றும் நடக்கிறது. வெளியே பெயர் வேறாகிவிட்டது. மதச்சார்பின்மைக்காகப் பெயரை மாற்றியதில் தவறில்லை. மாற்றும்போது ‘விளைச்சல்’ என்ற ஒரு சொல்லையாவது விட்டு வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

2024 ஆகஸ்டில் ஜப்பானியக் கடைகளில் அரிசி அடுக்கும் தட்டுகள் வெறுமையாயின. 2025-இல் அரிசி விலை முந்தைய ஆண்டைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகி, அரசு தன் இருப்பிலிருந்த அரிசியைத் திறந்துவிட வேண்டி வந்தது. 1970 முதல் 2017 வரை “நெல்லைக் குறைத்துப் பயிரிடுங்கள்” என்று உழவருக்கு அளவு வகுத்துக் கொடுத்த நாடு அது.

பெரியோர் நாள் பிறந்த கிராமம்

செப்டம்பர் மாதத்தில் மூத்தோரை மதிக்கும் நாள் ஒன்று உண்டு. இது அமைச்சர்கள் கூடி யோசித்த நாள் அன்று. ஹ்யோகோ மாவட்டத்தில் நொமாதானி என்ற சிறிய கிராமத்தில் பிறந்தது. 1947-ஆம் ஆண்டு, போர் முடிந்து இரண்டே வருடம். ஊரில் உணவுத் தட்டுப்பாடு. போருக்குப் போன இளைஞர் பலர் திரும்பவில்லை. அந்த நேரத்தில் ஊர்த் தலைவர், 55 வயதைக் கடந்தவர்களை எல்லாம் பொது மண்டபத்திற்கு அழைத்து விருந்து வைத்தார். பெரியவர்களின் அனுபவத்தைக் கேட்டு ஊரை நடத்துவோம் என்பதே அவர் நோக்கம்.

எந்த நாளில் வைப்பது? அங்கே செப்டம்பர் நடுவில் வயலில் வேலை குறைவு. வெயிலும் தணிந்திருக்கும். ஆகவே செப்டம்பர் 15. உழவனுக்கு ஓய்வுள்ள நாள் எது என்று பார்த்துக் குறித்த தேதி இது. பிறகு மாவட்டம் முழுவதும் பரவி, 1966-இல் தேசிய விடுமுறையாயிற்று. 2003 முதல், நகரத்தாருக்குச் சனி, ஞாயிறு, திங்கள் என மூன்று நாள் சேர்ந்து கிடைக்கட்டும் என்று மூன்றாம் திங்கட்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். அந்தக் கிராமம் இன்று தாக்கா என்ற பேரூரில் அடங்கியுள்ளது. சாக்கே என்னும் அரிசி மதுவுக்குப் பேர்போன ‘யமதா நிஷிகி’ நெல்லின் பிறப்பிடம் தாங்களே என்று சொல்லிக்கொள்ளும் ஊரும் அதுதான்.

2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஜப்பானில் விவசாயத்தையே முக்கியத் தொழிலாகக் கொண்டவர்கள் சுமார் 13 லட்சத்து 63 ஆயிரம் பேர். அவர்களின் சராசரி வயது 67.8. மண்டபத்தில் உட்காரவைத்து விருந்து படைக்க வேண்டிய வயதினர்தாம் அங்கே இன்னும் வயலில் நிற்கிறார்கள்.

பகலும் இரவும் சமமாகும் நாட்கள்

மார்ச் மாதத்திலும் செப்டம்பர் மாதத்திலும் பகலும் இரவும் சமமாக வரும் நாட்கள் இரண்டும் விடுமுறையே. சட்டத்தில் இவற்றுக்குத் தேதி கிடையாது. வானியல் ஆய்வகம் கணித்து, முந்தைய ஆண்டு பிப்ரவரியில் அரசிதழில் வெளியிடுகிறது. வசந்த நாளில் இயற்கையையும் உயிர்களையும் போற்ற வேண்டும். இலையுதிர் கால நாளில் முன்னோரை நினைக்க வேண்டும் என்பது சட்டம். மக்கள் வழக்கில் இந்த நாட்களைச் சுற்றிய ஏழு நாட்களுக்கு ‘ஹிகான்’ என்று பெயர். கல்லறைகளைச் சுத்தம் செய்து, இனிப்புப் பயறு பூசிய பசையரிசி உருண்டைகளைப் படைப்பார்கள். வெயிலும் குளிரும் ஹிகான் வரைதான் என்பது அவர்கள் பழமொழி. விதை நெல்லைக் கிளறிப் பார்க்கும் காலம் ஒன்று, கதிர் சாயும் காலம் மற்றொன்று.

செப்டம்பர் ஹிகானில் வயல் வரப்புகளில் செந்நிறப் பூ ஒன்று வரிசையாகப் பூக்கும். ஹிகான் பூ என்றே பெயர். இதன் கிழங்கு நஞ்சு. எலியும் அகழெலியும் வரப்பைத் துளைக்காமலிருக்க அந்தக் காலத்தில் நட்டு வைத்தார்கள் என்கிறார்கள். மருந்தில்லாத காலத்து வரப்புப் பாதுகாப்பு!

விடுமுறையில் நடவு

இனி நான் முன்பு மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயத்திற்கு வருகிறேன்.

ஏப்ரல் 29, மே 3, 4, 5 ஆகிய நான்கு தேதிகளும் விடுமுறை. இடையில் ஞாயிறும் சனியும் சேர்ந்தால் ஒரு வாரம் ஆகிவிடும். ‘தங்க வாரம்’ என்று சினிமாக்காரர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. மே 5 குழந்தைகள் நாள். காற்றில் துணியாலான கெண்டை மீன்கள் நீந்தும் நாள். இந்த வாரத்திற்குள்ளேயே மே 2-ஐ ஒட்டி ‘எண்பத்தெட்டாம் இரவு’ வரும். வசந்தம் பிறந்ததாகக் கணக்கிடும் பிப்ரவரித் தொடக்க நாளிலிருந்து எண்பத்தெட்டாம் நாள். இதோடு உறைபனி விலகும் என்பது நம்பிக்கை. தேயிலை பறிக்கத் தொடங்குவார்கள். விதைப்புக்கும் இது அடையாளம். இது தேசிய விடுமுறை இல்லை, உழவர் கணக்கு. அரிசியைக் குறிக்கும் அவர்களது எழுத்தைப் பிரித்தால் எட்டு, பத்து, எட்டு என்று வரும். நெல் அரிசியாவதற்கு எண்பத்தெட்டு வேலை என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் அதிகமாகவே இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

பழங்காலத்தில் ஜப்பானில் நடவு ஜூன் மாதத்தில், மழைக்காலத்தோடு நடந்தது. 1940-களில் நாகானோ மாவட்டத்துக் குளிர்ந்த மலைப்பகுதியில் ஓர் உழவர், எண்ணெய்த் தாள் போர்த்தி வெப்பம் காக்கும் நாற்றங்காலைக் கண்டுபிடித்தார். குளிரிலேயே நாற்று வளர்ந்தது. நடவை முன்னுக்குக் கொண்டுவர முடிந்தது. பிறகு 1970-களில் பாய் நாற்றங்காலும் நடவு இயந்திரமும் பரவின. அதே காலத்தில் ஊரில் ஆள் இல்லாமல் போயிற்று. ஆண்கள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போனார்கள். தாத்தா, பாட்டி, அம்மா ஆகிய மூவர் நடத்தும் விவசாயம் என்று பொருள்படும் ‘மூன்று சான் விவசாயம்’ என்ற சொல் 1960-களில் பிறந்தது.

வீட்டுக்காரர் இயந்திரம் ஓட்ட ஊருக்கு வரக்கூடிய காலம் எது? தங்க வாரம். ஆகவே நாட்டின் பல பகுதிகளில் மே முதல் வாரமே நடவு வாரமாகிவிட்டது. விடுமுறைச் சட்டத்தை எழுதியவர்கள் கனவிலும் நினைத்திராத விளைவு இது. பகுதி நேர உழவருக்கு இது பெரும் வசதி. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆள் இல்லாத ஊரில் நிலம் தரிசாகாமல் காத்தது அந்த ஒரு வாரம்தான்.

ஆனால் நெல்லுக்கு ஒரு கணக்கு உண்டு. கதிர் வெளிவந்தபின் ஏறத்தாழ இருபது நாட்கள் மணியில் மாவு நிரம்பும் காலம். அப்போது பகல் இரவு சேர்ந்த சராசரி வெப்பம் 26, 27 டிகிரியைத் தாண்டினால், மாவு நெருக்கமாக நிறைவதில்லை. இடையில் நுண்ணிய வெற்றிடங்கள் தங்கி, அரிசி சுண்ணாம்பு போல வெளுத்துக் காணும். தீட்டும்போது உடையும், தரம் இறங்கும், விலை குறையும். கொஷிஹிகாரி என்ற பெயர்பெற்ற ரகத்தை மே முதல் வாரத்தில் நட்டால், ஜூலைக் கடைசியில் கதிர் வரும். ஆகஸ்டுக் கடும் வெயிலில் மணி முற்றும். கோடை வெப்பம் ஏற ஏற இது பெரும் சிக்கலாயிற்று.

ஜப்பான் கடலோரத்துத் தோயாமா மாவட்டத்தில் 2000-களின் தொடக்கத்திலிருந்து விரிவாக்கப் பணியாளர்களும் கூட்டுறவுச் சங்கங்களும் “தங்க வாரத்தில் நடாதீர்கள், மே 15-ஐ ஒட்டி நடுங்கள்” என்று வலியுறுத்தி வந்தார்கள். பத்து நாள் தள்ளி நட்டால் கதிர் பத்து நாள் தள்ளி வராது. பின்னால் வெப்பம் கூடுவதால் பயிர் விரைந்து வளர்ந்து, சில நாட்களே வேறுபடும். அந்தச் சில நாட்கள்தாம் வேண்டியவை. தூர்கள் அளவுக்கு மீறிக் கிளைப்பதும் குறையும். சொல்வது எளிது. நடவுக்காக அலுவலகத்தில் விடுப்புக் கேட்க வேண்டும், வாய்க்கால் நீர் விடும் முறையை மாற்ற வேண்டும், வெளியூர் மகன் எப்போது வருவான் என்று பார்க்க வேண்டும். இதே வேலை உங்கள் ஊரில் நடந்தால் எத்தனை கூட்டம் போட வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே மாவட்டம் வெப்பம் தாங்கும் ‘ஃபுஃபுஃபு’ என்ற புதிய ரகத்தையும் 2018-இல் முழு அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது.

2023 கோடையில் வரலாறு காணாத வெப்பம். பக்கத்து நீகாத்தா மாவட்டத்தில் அந்த ஆண்டு விளைந்த கொஷிஹிகாரியில் முதல் தரம் பெற்றது சுமார் ஐந்து சதவீதமே. மற்ற ஆண்டுகளில் பெரும்பகுதி முதல் தரமாக இருக்கும் அரிசி அது. அங்கே வறட்சியும் வெப்பக் காற்றும் சேர்ந்தன. நடவு நாள் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் எந்தத் தேதியில் நடுவது என்ற கேள்வி அதன் பிறகு இன்னும் கூர்மையாயிற்று.

சட்டத்தில் இல்லாத நாள்

பதினாறு நாட்களில் இடம் பெறாத ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோட்டோ தீபகற்பத்தில் டிசம்பர் 5 அன்று, அறுவடை முடிந்த வயலுக்குக் குடும்பத் தலைவர் நல்ல உடை உடுத்திப் போவார். வயல் தெய்வத்தை வீட்டுக்கு அழைத்து வருவார். கண்ணுக்குத் தெரியாத அந்த விருந்தாளிக்குக் கண் பார்வை இல்லை என்பது நம்பிக்கை. நெற்கதிர் குத்திப் பார்வை போனதாம். ஆகவே “இங்கே படி இருக்கிறது, பார்த்து வாருங்கள்” என்று சொல்லிச் சொல்லி வழிகாட்டுவார். வெந்நீர்க் குளியல், பிறகு விருந்து. ஒவ்வொரு பதார்த்தத்தையும் இன்னது என்று சொல்லிப் பரிமாறுவார். தெய்வம் குளிர்காலம் முழுவதும் வீட்டில் தங்கி, பிப்ரவரி 9 அன்று வயலுக்குத் திரும்பும். இதன் பெயர் ‘ஆஏ நோ கோத்தோ’. 2009-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நீநாமேயில் பேரரசர் செய்வதை இங்கே ஓர் உழவர் தம் வீட்டுக் கூடத்தில் செய்கிறார்.

அதே நோட்டோவில் 2024-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று மாலை, குடும்பங்கள் கூடியிருந்த விடுமுறை வேளையில், பெரும் நிலநடுக்கம் வந்தது. வாஜிமா நகரை ஒட்டிக் கடலை நோக்கி இறங்கும் மலைச்சரிவில் 1,004 சிறு வயல்கள் அடுக்கடுக்காக உள்ளன. அவற்றில் வெடிப்பு விழுந்தது. நீர் வரும் பாதை உடைந்தது. வீடிழந்து தற்காலிகக் குடியிருப்பில் இருந்தவர்களும் சேர்ந்து வரப்பைக் கட்டினார்கள். அந்த மே மாதத்தில் ஏறத்தாழ 120 வயல்களில் கையால் நடவு நடந்தது.